ஒரு கிழிசலின் விலை 75 ஆயிரம் டாலர்!

பாழடைந்த வீடு ஒன்று. அமெரிக்காவில், மினசோட்டா மாகாணத்தில், ஒரு சிற்றூரில் அது இருந்தது. கட்டட வேலை தெரிந்த ஒருவர் அதை 10,100 டாலருக்கு வாங்கினார். பழுது பார்த்து விற்றால் நாலு காசு மிஞ்சும் என்பது அவர் போட்ட கணக்கு.

ஒரு சுவரை இடித்தார். உள்ளே பழைய பத்திரிகைக் காகிதங்கள் திணித்துக் கிடந்தன. குளிர் தாக்காமல் இருக்கச் சுவருக்குள் இப்படிக் காகிதத்தை அடைப்பது அந்த நாளில் அங்கே வழக்கம். அந்தக் குப்பைக்கு நடுவே ஒரு படக்கதைப் புத்தகமும் இருந்தது. அதன் அட்டையில், நீலச் சட்டையும் சிவப்பு அங்கியும் அணிந்த ஒருவன், ஒரு பச்சை நிறக் காரை அப்படியே தூக்கிப் பாறையில் மோதுகிறான்!

அது "ஆக்‌ஷன் காமிக்ஸ்" என்ற படக்கதைப் பத்திரிகையின் முதல் இதழ். 1938-ம் ஆண்டு வெளிவந்தது. சூப்பர்மேன் முதன் முதலாக உலகத்துக்கு முகம் காட்டிய புத்தகம் அதுதான்.

வீட்டில் ஒரே பரபரப்பு. உறவுக்கார அம்மாள் ஒருவர் ஆவலில் புத்தகத்தைக் கையில் எடுத்தார். இவர் பதறிப் போய் அதைப் பிடுங்கினார். அவ்வளவுதான். "டர்" என்று பின் அட்டை கிழிந்துவிட்டது.

2013-ம் ஆண்டு அந்தப் புத்தகம் ஏலத்துக்கு வந்தது. 1 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. வாங்கிய வீட்டின் விலையைப் போல 17 மடங்கு! சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஏலம் நடத்தியவர்கள் இன்னொரு கணக்கையும் சொன்னார்கள். அந்தப் பின் அட்டை மட்டும் கிழியாமல் இருந்திருந்தால் இன்னும் 75 ஆயிரம் டாலர் கூடக் கிடைத்திருக்குமாம்!

ஒரு கிழிசலுக்கு இத்தனை விலையா? யார் வைத்தது இந்த விலை?

கடையில் விற்றது 10 செண்டுக்கு

இந்தப் புத்தகம் கடைக்கு வந்தபோது விலை வெறும் 10 செண்டு. ஒரு டாலருக்குப் பத்துப் புத்தகம் வாங்கலாம். சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சடித்தார்கள். இன்று இருப்பதாகத் தெரிய வந்திருப்பவை ஏறக்குறைய 100 பிரதிகளே.

மற்றவை எல்லாம் எங்கே போயின?

படித்தே தீர்த்துவிட்டார்கள் பையன்கள்! மடித்துக் கால்சட்டைப் பையில் செருகினார்கள். படுக்கையில் வைத்துப் படித்தார்கள். நண்பனுக்குக் கொடுத்தார்கள், அவன் இன்னொருவனுக்குக் கொடுத்தான். போதாக்குறைக்குப் பத்திரிகைக்காரர்களே ஒரு காரியம் செய்தார்கள். முதல் இதழில் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு வண்ணம் தீட்டி, அதைக் கிழித்து அனுப்ப வேண்டும். பரிசு ஒரு டாலர்! ஒரு டாலர் ஆசையில் எத்தனை பையன்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்தார்களோ! பக்கம் குறைந்த புத்தகத்துக்கு இன்று மதிப்பு அதல பாதாளம்.

பிறகு யுத்தம் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் வீடு வீடாகப் பழைய காகிதம் சேகரித்தார்கள். படக்கதைப் புத்தகங்கள் கட்டுக் கட்டாகப் போய்ச் சேர்ந்தன.

யுத்தம் முடிந்ததும் வேறு ஆபத்து வந்தது. "இந்தப் புத்தகங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன" என்று பெரியவர்கள் கூச்சல் போட்டார்கள். 1948-ம் ஆண்டு மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் ஸ்பென்சர் என்ற ஊரில், பள்ளிப் பிள்ளைகளே சுமார் 2 ஆயிரம் படக்கதைப் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். அந்தக் குவியலில் என்னென்ன எரிந்ததோ!

தப்பிப் பிழைத்தவற்றை அம்மாமார்கள் தீர்த்துக் கட்டினார்கள். பையன் பட்டாளத்துக்குப் போவான். அல்லது காலேஜுக்குப் போவான். அறையைப் பெருக்கும் அம்மா, "இந்தக் குப்பை எதற்கு?" என்று தூக்கி எறிந்துவிடுவாள். அம்மாக்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

புத்தகத்துக்கு மார்க்!

அரிய பொருள் என்றால் விலை ஏறும். இது தெரிந்த விஷயம். ஆனால் படக்கதை சேகரிப்பவர்கள் அதோடு விடுவதில்லை. "புத்தகம் இருக்கிறதா?" என்பது முதல் கேள்வி. "எப்படி இருக்கிறது?" என்பதுதான் பெரிய கேள்வி.

முன்பெல்லாம் இதில் ஓயாத சண்டை. விற்கிறவர் "புத்தம் புதுசு" என்பார். வாங்குகிறவர் "கந்தல்" என்பார். 1970-ம் ஆண்டு ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பழைய படக்கதைகளுக்கு ஒரு விலைப் பட்டியல் புத்தகம் வெளியிட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் நிலையைப் பொறுத்து விலை சொன்னார். பிறகு 2000-ம் ஆண்டில் சி.ஜி.சி. என்ற கம்பெனி தோன்றியது. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் பொதுவாக நின்று மார்க் போடுவதே அதன் தொழில்.

மொத்த மார்க் 10. பரீட்சை போலத்தான். ஆனால் இந்த வாத்தியார்கள் ரொம்பக் கண்டிப்பானவர்கள்!

முதலில் பக்கங்களை எண்ணுகிறார்கள். பிறகு முதுகுப் பக்கம். புத்தகத்தைத் திறக்கத் திறக்க அங்கே மெல்லிய கோடுகள் விழும். ஒவ்வொரு கோடும் கணக்கு. மூலை மழுங்கி இருக்கிறதா? பின்னூசி துருப்பிடித்து அந்தத் துரு காகிதத்தில் இறங்கி இருக்கிறதா? மடிப்பு உண்டா? எண்ணெய்க் கறை உண்டா? பேனாவால் பெயர் எழுதி இருக்கிறதா? காகிதம் இன்னும் வெள்ளையா, பழுப்பா, தொட்டால் உதிருமா? எல்லாம் பார்க்கிறார்கள். ஒருவர் பார்த்தால் போதாது என்று இன்னொருவரும் பார்க்கிறார். பிறகு புத்தகத்தைக் கண்ணாடி போன்ற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, மேலே மார்க்கை ஒட்டி அனுப்புகிறார்கள். உறையை உடைத்தால் மார்க் செல்லாது!

மார்க்குக்குத் தக்கபடி பெயரும் உண்டு. மேல் வகுப்புக்கு "மின்ட்" என்று பெயர். நாணயச் சாலையில் அப்போதுதான் அடித்த காசு போலப் பளபளப்பு என்று அர்த்தம். 8 மார்க் என்றால் "வெரி ஃபைன்". 6 என்றால் "ஃபைன்". 4 என்றால் "வெரி குட்". 2 என்றால் "குட்". "குட்" என்றால் நல்லது என்று மயங்கிவிடக் கூடாது. பத்துக்கு இரண்டு மார்க்! மடிப்பும் கறையும் தேய்மானமுமாக, ஏதோ படிக்கிற நிலையில் இருக்கிறது என்று பொருள். மினசோட்டாவில் சுவருக்குள் கிடந்த புத்தகத்துக்குக் கிடைத்த மார்க் ஒன்றரை.

மார்க்குக்கும் பணத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பாருங்கள். ஒன்றரை மார்க் புத்தகம் 2013-ல் 1 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று அல்லவா? மறு ஆண்டு, 2014-ல், அதே முதல் இதழின் வேறு ஒரு பிரதி ஏலத்துக்கு வந்தது. அதற்கு 9 மார்க். விலை 32 லட்சம் டாலர்! ஒரே கதை. ஒரே படம். வித்தியாசம் எல்லாம் இருந்த இடத்தில்தான். ஒன்று சுவருக்குள் கிடந்தது. மற்றது மேற்கு வர்ஜீனியாவில் ஒருவர் வீட்டில், தேவதாரு மரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

ஒட்டினால் போச்சு

"கிழிந்தால் என்ன, ஒட்டிவிட்டால் போகிறது" என்று தோன்றலாம். அதுதான் கூடாது! ஒட்டும் டேப்பின் பசை நாளாவட்டத்தில் மஞ்சளாகிக் காகிதத்தைக் கெடுத்துவிடும். சிலர் மங்கிய இடத்தில் வண்ணம் பூசுவார்கள். சிலர் பிசிறு தட்டிய ஓரத்தைக் கத்தியால் சீவி நேராக்குவார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மார்க் போடுகிறவர்கள் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்படிச் செப்பனிட்ட புத்தகத்துக்குச் சாதாரண நீலச் சீட்டுக் கிடையாது. ஊதாச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். ஊதாச் சீட்டைக் கண்டாலே வாங்குகிறவர்கள் விலையைக் குறைப்பார்கள். கிழிந்தபடி இருக்கும் உண்மைக்கு உள்ள மதிப்பு, பூசி மெழுகிய அழகுக்கு இல்லை.

காகிதத்தின் சத்துரு வெளியில் இல்லை. அதற்கு உள்ளேயே இருக்கிறது. இந்தப் புத்தகங்களை அச்சடித்தது மலிவான மரக்கூழ்க் காகிதத்தில். அதில் அமிலத்தன்மை உண்டு. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் காகிதம் பழுத்து, கடைசியில் அப்பளம் போல் நொறுங்கும். ஆகவே சேகரிப்பவர்கள் அமிலம் இல்லாத அட்டையை முதுகுக்குக் கொடுத்து, தரமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைக்கிறார்கள்.

இந்தச் சாஸ்திரம் எதுவும் தெரியாமலே ஒருவர் அற்புதமாகக் காப்பாற்றி இருக்கிறார். டென்வர் நகரில் வாழ்ந்த எட்கர் சர்ச் என்ற ஓவியர்தான் அவர். விளம்பரங்களுக்குப் படம் வரைவது அவர் தொழில். வரைவதற்கு மாதிரியாக இருக்கட்டும் என்று படக்கதைகளை வாங்கி அடுக்கிக்கொண்டே போனார். டென்வர், கடல் மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில் உள்ள நகரம். உலர்ந்த காற்று. புத்தகங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்திக் கிடந்ததால் உள்ளே காற்றும் வெளிச்சமும் புகவில்லை. 1977-ல் ஒரு இளம் வியாபாரி அவற்றை வாங்கியபோது 18 ஆயிரத்துக்கு மேல் இருந்தன. பல புத்தகங்கள், நேற்றுத்தான் கடையில் வாங்கியது போல இருந்தன!

திருடனும் தாயும்

விலை ஏறினால் திருடன் வருவான். ஹாலிவுட் நடிகர் நிக்கலஸ் கேஜ் சூப்பர்மேன் மீது உயிரையே வைத்திருந்தவர். தன் மகனுக்கே சூப்பர்மேனின் இயற்பெயரான "கால்-எல்" என்று பெயர் வைத்தார். அவரிடம் இருந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 2000-ம் ஆண்டு அவர் வீட்டிலிருந்து களவு போயிற்று. 11 ஆண்டுகள் தகவலே இல்லை. 2011-ல் கலிபோர்னியாவில், யாரோ வாடகைக்கு எடுத்துக் கைவிட்ட ஒரு சாமான் அறையில் அகப்பட்டது. அத்தனை நாள் எந்தத் திருடன் கையில் இருந்ததோ, புத்தகத்துக்கு மட்டும் சேதம் இல்லை. 9 மார்க்! அதே ஆண்டில் 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றது. 2026 ஜனவரியில் அதே புத்தகம் மறுபடியும் கை மாறியது. விலை 1 கோடியே 50 லட்சம் டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 135 கோடி ரூபாய்!

தூக்கி எறிந்த அம்மாக்களைப் பற்றிச் சொன்னோம். எறியாத அம்மா ஒருவரும் இருந்தார். கலிபோர்னியாவில் மூன்று சகோதரர்கள், தாயார் காலமான பிறகு வீட்டைக் காலி செய்தார்கள். "என்னிடம் அரிய படக்கதைகள் இருக்கின்றன" என்று அந்த அம்மாள் சொல்லுவது உண்டாம். பிள்ளைகள் கண்ணால் கண்டதில்லை. 2024-ல் பரணில், பழைய பத்திரிகைக் கட்டுக்கு அடியில், ஒட்டடைக்கு நடுவே ஒரு பெட்டி அகப்பட்டது. சின்ன வயதில் அந்த அம்மாளும் அவருடைய சகோதரரும் காசு சேர்த்து வாங்கிய புத்தகங்கள்! அவற்றில் ஒன்று, 1939-ல் வந்த "சூப்பர்மேன்" முதல் இதழ். 2025 நவம்பரில் அது 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் பரணில் ஏற வேண்டியதில்லை. பழையது எல்லாம் பொன் ஆகாது. 1992-ல் சூப்பர்மேன் இறந்துபோவதாக ஒரு இதழ் வந்தது. "பிற்காலத்தில் லட்சக்கணக்கில் விலை போகும்" என்று ஜனங்கள் கடைகளில் முண்டி அடித்தார்கள். படிக்க ஒன்று, பிரிக்காமல் பூட்டி வைக்க ஒன்று என்று வாங்கியவர்கள் உண்டு. எல்லாரும் பூட்டி வைத்தார்கள். ஆகவே எல்லாரிடமும் இருக்கிறது. யார் வாங்குவார்கள்?

130 டாலர்

சூப்பர்மேனைப் படைத்தவர்கள் கிளீவ்லாந்து நகரத்து வாலிபர்கள் இருவர். கதை எழுதியவர் ஜெர்ரி சீகல். படம் வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். 1938-ல் சூப்பர்மேன் மீதான உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். சூப்பர்மேன் சினிமாவிலும் டெலிவிஷனிலும் பறந்தான். ஷூஸ்டருக்குக் கண் பார்வை மங்கியது. 1975-ல்தான் கம்பெனி இறங்கி வந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் உதவித் தொகை கொடுக்கவும், படைத்தவர்கள் என்று அவர்கள் பெயரைப் போடவும் ஒப்புக்கொண்டது.

1938-ல் கொடுத்த அந்தச் செக் இன்னும் இருக்கிறது. வேறு வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து மொத்தம் 412 டாலர். அதில் இருவர் பெயரையும் எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டார்கள். அதனால் பணம் வாங்குவதற்காக ஒவ்வொருவரும் செக்கின் பின்புறம் இரண்டு தடவை கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. 2012-ல் அந்தச் செக்கும் ஏலத்துக்கு வந்தது. 1 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அப்போது அவர்கள் இருவரும் உயிரோடு இல்லை.