தேர் வடமும் நேர்முகப் பரீட்சையும்

கல்லூரியின் யூபிலி மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால், சங்க இலக்கியத்தில் ஒரு துறையையோ திருமுறைகளில் ஒரு பகுதியையோ எடுத்துக்கொள்வான் என்றே வாசகர் எதிர்பார்ப்பர். யானோ, உத்தியோகம் வேண்டி நிற்கும் இளைஞர் நேர்முகப் பரீட்சையில் எதிர்கொள்ளும் ஒரு வினாவைப் பற்றி எழுத முற்பட்டுள்ளேன். அதற்குக் காரணம் உண்டு. அவ்வினாவுக்கு எம் மாணவன் ஒருவன் தவறாக விடையிறுத்தான். அத்தவறான விடையை அவனுக்குக் கற்பித்தவன் யானே.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்திக் கல்லூரியை விட்டுச் சென்றவன் அவன்; அடக்கமும் உழைப்பும் ஒருங்கே உடையவன். கொழும்பிலுள்ள நிறுவனமொன்று முகாமைத்துவப் பயிலுநர் பதவிக்காக அவனை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தது. "ஒரு குழுவின் வெற்றிக்கு நீர் எவ்வாறு துணைபுரிந்தீர்?" எனச் சபையார் வினவினர். கல்லூரியில் உயர்தர மாணவர் மன்றம் நடத்திய இரத்ததான முகாமை அவன் எடுத்துக் கூறினான். "நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாக உழைத்தோம், ஒற்றுமையே பலம்" என்றான். "அதில் உமது பங்கு யாது?" என்று சபைத் தலைவர் மீண்டும் கேட்டார். "எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம்" என்றே மீண்டும் சொன்னான். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. பதவியும் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பியவன் என் வீட்டுக்கு வந்து இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, "நான் செய்தேன் என்று சொன்னால் அது தற்புகழ்ச்சியல்லவா, சேர்?" என்று கேட்டான். எனக்கு மறுமொழி கூற நா எழவில்லை. 'ஒற்றுமையே பலம்' என்னும் கட்டுரையை ஒன்பதாம் தரத்தில் அவனுக்கு எழுதுவித்தவன் யான். தற்புகழ்ச்சி இழுக்கு என்று நன்னூல் கொண்டு விளக்கியவனும் யான். பதவி கிடையாமைக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும், அவன் அச்சபையில் ஒப்புவித்தது என் கட்டுரையையே என்பதும், முகாமில் அவன் மெய்யாகச் செய்த வேலை அவ்விடையில் இடம்பெறவேயில்லை என்பதும் வெள்ளிடைமலை. அன்றுதொட்டு இவ்வினாவைப் பற்றி யான் கற்றவற்றையும் சிந்தித்தவற்றையும் ஈண்டுத் தொகுத்துரைப்பேன்.

முதற்கண், சபையார் இவ்வாறு வினவுவதன் கருத்தை அறிதல் வேண்டும். "நீர் பிறரோடு ஒத்துழைப்பீரா?" என்று கேட்டால் ஆம் என்னாதவர் எவருமிலர். ஆகவே அவ்வினாவாற் பயனில்லை. ஒருவர் இனிச் செய்யக்கூடியதை அறிவதற்கு, அவர் முன்னர்ச் செய்ததை வினவுதலே தக்க வழியென்னும் எண்ணம் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் வலுப்பெற்றது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க விமானப் படையினரை ஆராய்ந்த ஜோன் பிளனகன் என்பவர், ஒரு தொழிலில் வெற்றியையும் தோல்வியையும் விளைத்த குறித்த நிகழ்ச்சிகளைத் திரட்டி ஆராயும் முறையை 1954ஆம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்டார். 1982இல் ரொம் ஜான்ஸ் என்பவர் விண்ணப்பதாரியின் கடந்தகாலச் செயல்களையே ஒழுங்குபட வினவும் நேர்முக முறையை, வரையறையின்றி உரையாடும் பழைய முறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். இன்று சபையார் "ஒரு சந்தர்ப்பத்தைக் கூறுக" என்று தொடங்குவது இவ்வழி வந்த வழக்காகும். அவர்கள் வேண்டுவது ஒரு நிகழ்ச்சி. அதற்கு அறவுரையை விடையாகத் தருவது, ஊருக்கு வழி கேட்டவனுக்கு ஊரின் பெருமையை உரைப்பது போலாகும்.

இனி, குழுவைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தனியொருவரின் பங்கை ஏன் துருவித் துருவி வினவுகின்றனர்? இதற்கு விடை தேர் வடத்தில் இருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம்மவர் வாக்கு. ஆனால் ஊர் கூடினால் ஒவ்வொருவரும் தம் முழுப் பலத்தையும் கொடுத்து இழுக்கின்றனரா? பிரான்சு தேசத்தில் வேளாண்மைப் பொறியியல் வல்லுநராக விளங்கிய மாக்ஸ் றிங்கெல்மன் 1880களில் ஆட்களைத் தனித்தும் கூட்டியும் கயிறு இழுக்கச் செய்து அளந்து பார்த்தார். 1913இல் அவர் வெளியிட்ட அட்டவணையில், தனியாக வேலை செய்பவனின் ஆற்றலை 100 எனக் கொண்டால், இருவர் சேரும்போது தலைக்கு 93, மூவர் சேரும்போது 85, எண்மர் சேரும்போது 49 எனக் காணப்படுகிறது. எண்மர் கூடினால் ஒவ்வொருவர் பலமும் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது!

இதற்குக் காரணம் இரண்டு. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காமை ஒன்று. மற்றையோர் இழுப்பர் என்று தாம் சற்றே தளர்தல் மற்றொன்று. இவ்விரண்டாவதை லாட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 1979இல் கைதட்டச் செய்தும் உரக்கச் சத்தமிடச் செய்தும் சோதித்து உறுதிப்படுத்தினர். இன்னொன்றும் அவர்கள் கண்டனர். ஒவ்வொருவர் எழுப்பும் ஓசையும் வெவ்வேறாக அளக்கப்படுகிறது என்று அறிந்தபோது, கூட்டத்தில் நின்றவரும் தளரவில்லை. 1981இல் வெளிவந்த இம்முடிவு நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. தன் பங்கு இன்னதென்று தெரிந்திருக்கும் இடத்தில் மனிதன் சோம்புவதில்லை என்பது இதனாற் பெறப்படும். வடத்திற் கை வைத்தவர் எல்லோரும் இழுத்தவர் ஆகார். சபையார் தேடுவது இழுத்தவரை.

தேர்த் திருவிழாவை ஊன்றி நோக்கினால், இழுப்பது ஒன்றே பங்கன்று என்பதும் புலனாகும். வடம் பிடிப்போர் பலர். சில்லுக்குக் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவோர் சிலர். முன்னின்று கைகாட்டுவோர் ஓரிருவர். "அரோகரா" என்று குரலெடுத்து அனைவரையும் ஒரே மூச்சில் இழுக்கச் செய்பவரும் உளர். இவருள் எவர் இல்லாவிடினும் தேர் இருப்பிடம் வந்து சேராது. ஆதலின், "நான் தலைவனாக இருந்ததில்லையே, எதைச் சொல்வேன்?" என்று மயங்கவேண்டுவதில்லை. கட்டை கொடுத்தவன் கட்டை கொடுத்ததைச் சொல்லுக.

அங்ஙனம் சொல்லுதல் தற்புகழ்ச்சியாகாதோ? இங்கேதான் யான் என் மாணவனுக்குப் பாதிப் பாடத்தை மட்டும் கற்பித்திருந்தேன். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், எத்துணை வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என விதித்தார். அவ்விதியை அடுத்து விலக்கும் கூறினார். அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடத்து, அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதில், மாற்றார் தன்னைப் பழித்த காலத்தில் ஆகிய இந்நான்கு இடங்களில் தன்னைப் புகழ்தலும் தகும் என்றார். அரசவைக்கு விடுக்கும் ஓலை இக்காலத்து விண்ணப்பப் பத்திரமேயன்றோ? நம்மை முன்பின் அறியாத சபையார் நம் ஆற்றல் உணராதோரேயன்றோ? விதியைப் படிப்பித்த ஆசிரியன் விலக்கையும் சேர்த்துப் படிப்பித்திருந்தால், அம்மாணவன் நாவடங்கி நின்றிருக்கமாட்டான்.

இலக்கணத்தில் இன்னொரு பாடமும் உண்டு. தமிழில் 'நாம்' என்பது கேட்பவரையும் உளப்படுத்தும். 'நாங்கள்' என்பது கேட்பவரைப் புறத்தே நிறுத்தும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். எம்மொழியில் நேர்முகப் பரீட்சை நடப்பினும், விண்ணப்பதாரி "நாங்கள்" என்று தொடங்கும்போது சபையார் வெளியே நிற்கின்றனர். அக்கூட்டத்துள் இவர் எங்கே நிற்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே குழுவின் நோக்கத்தையும் முடிவையும் 'நாங்கள்' என்று கூறுக. தன் கையாற் செய்ததை 'நான்' என்று கூறுக. தோழர் செய்ததை 'அவர்' என்று கூறுக. மூவிடத்துள் இரண்டிடம் விடையில் அமைந்தால் உண்மை தானே துலங்கும். 'நான்' ஒன்றே நிரம்பிய விடையும் குறையுடையது. "மற்றையோர் யாது செய்தனர்?" என்ற அடுத்த வினாவில் அஃது உடைந்துபோகும்.

விடையை அமைக்கும் ஒழுங்கு எளிது. நிலைமை, பொறுப்பு, செயல், பயன் என நான்கு உறுப்புகள் கொள்க. ஆங்கிலத்தில் இந்நான்கின் முதலெழுத்துகளைக் கூட்டி 'ஸ்டார்' என வழங்குவர். நிலைமைக்கு இரண்டு வாக்கியம் போதும். செயலுக்கே இடம் மிகுதியாகக் கொடுத்தல் வேண்டும். என் மாணவனை அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் இருத்தி, முகாமில் நடந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் வாயிலிருந்து வந்தவற்றைக் கோத்தபோது விடை பின்வருமாறு அமைந்தது:

"எங்கள் மன்றம் இரத்ததான முகாம் நடத்தியது. முந்திய ஆண்டில் பலர் ஒரே நேரத்தில் வந்து காத்திருந்து, இருபது பேரளவில் இரத்தம் கொடாமலே திரும்பிவிட்டனர். இம்முறை கொடையாளரை அழைக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பெயர் தந்த 62 பேரையும் அரைமணி நேரத்துக்கு எண்மராக வகுத்து, முதல்நாள் மாலை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அவரவர் நேரத்தை அறிவித்தேன். ஒரு நேரத்தில் எத்தனை பேரை ஏற்கலாம் என்பதைத் தாதியரிடம் கேட்டறிந்து வந்தவன் என் தோழன். அஃதில்லையேல் என் பட்டியல் பயன்பட்டிராது. அன்று 57 பேர் வந்தனர். காத்திருக்க இயலாமல் திரும்பியவர் இருவரே. ஒரு குறையும் நேர்ந்தது. வேலைக்குச் செல்வோருக்கு எந்நேரம் வசதி என்பதை நான் முன்னரே கேட்கவில்லை. அடுத்த ஆண்டினருக்காக அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தோம்."

இவ்விடையில் புகழ்மொழி ஒன்றேனும் உண்டோ? 'திறமையாக', 'சிறப்பாக' என்னும் அடைமொழிகள் எவையும் இல்லை. எண்ணும் செயலுமே உள. தோழனுக்கு உரியது தோழனுக்கே கொடுக்கப்பட்டுள்ளது. குறையும் மறைக்கப்படவில்லை. அடைமொழியைக் கேட்போர் சேர்த்துக்கொள்வர். அது பேசுவோர் வேலையன்று.

இதனோடு இயைந்து வரும் வினாக்கள் இரண்டு. குழுவில் ஒருவரோடு கருத்து வேற்றுமை நேர்ந்தபோது யாது செய்தீர் என்பது ஒன்று. அப்படி ஒன்றும் நேர்ந்ததில்லை என்று கூறுவோரை எவரும் நம்பார். வேற்றுமை எதைப் பற்றியது, மற்றவர் கருத்திலிருந்த நியாயம் யாது, எவ்வாறு முடிவுக்கு வந்தீர்கள் என்று சொல்லுக. மற்றவரின் நியாயத்தை அவரே கூறுவதுபோல் எடுத்துக் கூறவல்லவன் எக்குழுவிலும் வாழவல்லவன். தன் பங்கைச் செய்யாத தோழரை எங்ஙனம் நடத்தினீர் என்பது மற்றொன்று. அவர்மேற் குற்றம் சுமத்துதலும், அவர் வேலையைத் தானே செய்து முடித்துவிட்டேன் என்று பெருமை கொள்ளுதலும் ஆகிய இரண்டும் பிழை. தனியே கண்டு காரணம் கேட்டதுண்டா, வேலையைப் பிரித்து அவருக்கென ஒரு கூற்றைத் தெளிவாக ஒதுக்கியதுண்டா என்பதே நோக்கத்தக்கது. மேலே கூறிய 1981ஆம் ஆண்டு ஆராய்ச்சியின் பயன் இங்கேயும் தோன்றும்.

மாணவர்க்கு ஒன்று சொல்வேன். நிகழ்ச்சியைப் புனையாதீர்கள். சபையார் ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து உபவினாக்கள் தொடுப்பர். நடந்ததைச் சொல்பவனுக்கு அவை துணை, புனைந்தவனுக்கு அவை பொறி. துடுப்பாட்டம், சாரணர் பாசறை, இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்த் தின நாடகம், சரஸ்வதி பூசை ஆகியவற்றில் நீங்கள் செய்ததை அவ்வப்போது ஒரு கொப்பியில் இரண்டு வரியாக எழுதிவையுங்கள். நாடகத்தில் திரை இழுத்தவனுக்கும் எழுத ஒரு வரி உண்டு. வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓரதிகாரத்தை, ஆளையும் வேலையையும் ஆராய்ந்து பொருத்துவதற்கென்றே வகுத்தார். நம்மை ஆராய்வோருக்கு ஆராய்தற்குரிய பொருளைக் கொடுப்பது நம் கடன்.

பழைய மாணவருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்களுட் பலர் இன்று அத்தகைய சபைகளில் வினவுவோராக அமர்ந்திருக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளிற் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் காணும் நேர்முகப் பரீட்சை, தம் வாழ்வை நிருணயிக்கும் பரீட்சையாகவே அமைந்துவிடுகிறது. ஆண்டில் இரண்டு சனிக்கிழமைகள் கல்லூரிக்கு வந்து, ஒரு மேசையின் அப்புறத்தில் அமர்ந்து, இவ்வினாவை அவர்களிடம் கேளுங்கள். "உமது பங்கு யாது?" என்று மூன்றாம் முறையும் பொறுமையாகக் கேளுங்கள். நீங்கள் கட்டித் தரும் மண்டபங்களுக்கு இஃது எவ்வகையிலும் குறைந்த கொடையன்று.

அம்மாணவன் பின்னர் வேறொரு நிறுவனத்தில் பதவி பெற்றான். என் திண்ணையில் அமைந்த விடையினாற்றான் பெற்றான் என்று கூறுதல் எனக்குத் தற்புகழ்ச்சியாகும். நன்னூலார் விலக்களித்த நான்கிடத்துள் அஃது அடங்காது. அவன் சொன்ன ஒன்றை மட்டும் கூறி அமைவேன். அச்சபையார் அவன் விடையைக் கேட்டபின் அடுத்து விரும்பிக் கேட்டது, தாதியரிடம் விசாரித்து வந்த அத்தோழனைப் பற்றித்தானாம். தன் பங்கைத் தெளிவுறச் சொன்னவன், தோழனையும் உடன் அழைத்துக்கொண்டு அச்சபைக்குள் நுழைந்துவிட்டான். ஒற்றுமையின் பலம் என்று யான் ஒன்பதாம் தரத்தில் எழுதுவிக்க வேண்டியிருந்தது இதனையே.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!