கைப்பிடிக்கு எந்த மரம்?

பினாங்கு சூலியா தெருவின் பழைய கடைவீடுகளில், மழைக்காலத்தில் மரக்கதவு இறுகினால் யாரும் வியப்பதில்லை. காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் உப்புகிறது. முதன்முதலாகத் துப்பாக்கிப் பிடி செதுக்குபவருக்கும் எதிரி அந்த ஈரம்தான்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. வளர்ச்சி வளையங்களை ஒட்டிய சுருக்கம், ஆரவாக்கில் உள்ளதைப் போல ஏறத்தாழ 2 மடங்கு. நீளவாக்கில் மிகச் சொற்பம். பச்சை மரத்தில் செதுக்கிய பிடி காயும்போது வெடிப்பது இதனால்தான்.

லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளுக்கு வால்நட் பொருந்தியது: அளவான எடை, எளிதில் பிளக்காத இழை. மலாய்க் கைவினைஞர்கள் கிரிஸ் என்னும் குத்துவாளின் பிடிக்கு நாடியது கெமுனிங் மரம். அதன் நெருக்கமான இழை நுண்செதுக்கலைத் தாங்கும். செங்கால் மரமோ கனம், உளியை மழுக்கும். ரப்பர் மரம் மலிவு. பதப்படுத்தாவிட்டால் பூச்சி விடாது.

இழை பிடியின் நீளத்தோடு ஓடட்டும். குறுக்கே ஓடினால், மெலிந்த கழுத்தில் முறியும்.