சாவா மூவா நாணயமா?

அரியலூர் மாவட்டத்துப் பழுவூர்க் கோயில்களின் சோழர்காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக் கொடைகள் பல இடம்பெறுகின்றன. அக்காலத்தில் சோழநாடெங்கும் வழங்கிய 'சாவா மூவாப் பேராடு' என்னும் ஏற்பாட்டின்படி, அணையாது எரியவேண்டிய அவ்விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. சாகும் ஆட்டுக்குப் பிறக்கும் குட்டி ஈடாவதால் மந்தை என்றும் குறையாததாகக் கொள்ளப்பட்டு, இடையர் விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டார். முதலைத் தொடாமல் பயனை மட்டும் பெறும் இந்த ஆசையே இன்று கிரிப்டோ டோக்கன்களைப் பூட்டிவைத்து வெகுமதி பெறும் 'ஸ்டேக்கிங்' முறையிலும் தென்படுகிறது.

கிரிப்டோ பரிமாற்றங்கள் தொகுதி தொகுதியாகப் பதிவாகும் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டை யாரேனும் சரிபார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எத்தீரியம் என்னும் கிரிப்டோ வலையமைப்பில் 2022 செப்டம்பர் 15 வரை மின்சாரத்தை விழுங்கும் கணினிகள் செய்துவந்த இவ்வேலை, அதன்பின் பிணை வைத்தவர்களிடம் வந்தது. தனியொரு சரிபார்ப்பாளராக இயங்க விரும்புபவர் அதன் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32ஐப் பூட்டி, 12 விநாடிக்கு ஒருமுறை பதிவாகும் தொகுதிகள் செம்மையானவையா என ஏறத்தாழ ஆறரை நிமிடத்துக்கு ஒருமுறை வாக்களிக்கும் கணினியை அணையாமல் வைத்திருக்கவேண்டும். கணினி அணைந்தால் சிறு தொகை குறையும். முரணான இரு தொகுதிகளுக்கு ஒப்பமிட்டால் 'ஸ்லாஷிங்' என்னும் தண்டனையாகப் பிணையிலேயே ஒரு பகுதி அழிக்கப்பட்டு, அவர் வெளியேற்றப்படுவார்.

ஆகவே இவ்வெகுமதி வங்கி வைப்புத்தொகைக்கு வரும் வட்டி போன்றதன்று, அது காவற்கூலி. அதன் பெரும்பகுதி புதிதாக அச்சிடப்படும் ஈத்தர். எஞ்சியது பயனர்கள் செலுத்தும் கட்டணம். பிணை வைப்பவர் பெருகப் பெருக ஒவ்வொருவரின் வருவாய் விகிதமும் சுருங்கும். ஈத்தரின் ரூபாய் மதிப்பு சரிந்தால், எண்ணிக்கை கூடியும் செல்வம் குறையும். இந்தியாவிலோ 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சொத்துகளின் விற்பனை ஆதாயத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஒன்றில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் இயலாது.

பூட்டின் நீளமும் கருதத்தக்கது. 2020 டிசம்பரில் எத்தீரியத்தில் பிணை வைத்தவர்கள் 2023 ஏப்ரல் 12 வரை ஒரு நாணயத்தைக்கூடத் திரும்ப எடுக்க முடியவில்லை. இப்போதும் வெளியேற விரும்புவோர் வரிசையில் காத்திருக்கவேண்டும்.

இவற்றினும் பெரிய இடர், 32 ஈத்தர் இல்லாத சிறு முதலீட்டாளர் கைபேசிச் செயலி ஒன்றின் வழியே தம் டோக்கன்களை நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது எழுகிறது. ஏனெனில், நாணயத்தின் சாவி அப்போது அவர் கையில் இருப்பதில்லை. வெகுமதி தருவதாகக் கூறி மக்களின் நாணயங்களைத் திரட்டிய அமெரிக்காவின் செல்சியஸ் நிறுவனம் 2022 ஜூனில் திரும்பப்பெறுதலை நிறுத்தி, அடுத்த மாதமே திவால் மனு அளித்தது. மோசடிக்காக அதன் நிறுவனர் மஷின்ஸ்கிக்கு 2025இல் 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பூட்டப்படாத நாணயமும் இவ்வாறு பிறர் கையில் முடங்கலாம். 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் கிரிப்டோ சந்தையில் நடந்த இணையத் திருட்டுக்குப் பின் எல்லாருடைய கணக்குகளும் முடக்கப்பட்டன. திருட்டுக்கு உள்ளாகாத எக்ஸ்ஆர்பி நாணயங்களை வைத்திருந்த முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக, கிரிப்டோ நாணயம் உடைமைகொள்ளத்தக்க சொத்தே எனவும், அதை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க இயலும் எனவும் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். அதற்குள் அந்நாணயங்கள் முடங்கிப் பதினைந்து மாதங்கள் கடந்திருந்தன.