எண்ணிகளின் முறைவைப்பு

கணிப்பொறியின் செயலிக்குள் நிகழ்வனவற்றைக் கணக்கிட அதனுள்ளேயே சில எண்ணிகள் அமைந்துள்ளன. நிறைவேறிய கட்டளைகள் எத்தனை, நினைவகத்தை நாடியது எத்தனை முறை என்பவற்றை அவை எண்ணும். ஆனால் பல செயலிகளில் ஒரு மையத்திற்கு நான்கு முதல் எட்டு எண்ணிகளே உண்டு. அளக்கத்தக்க நிகழ்ச்சிகளோ பல நூறு!

லினக்ஸ் இயக்க முறைமையில் முன்னர்க் கண்காணிப்புக் கருவிகள் தனித்தனி வழிகளில் எண்ணிகளைக் கைக்கொண்டன. அதனால் ஒன்றின் வேலைக்கு மற்றொன்று இடையூறாயிற்று. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த 2.6.31 பதிப்பு, இப்பொறுப்பை முறைமையின் உட்கருவிடமே ஒப்படைத்தது. அதன்பின் கருவிகள் உட்கருவிடம் வேண்டிப் பெறலாயின.

வேண்டுவோர் மிகுந்தால் என் செய்வது? ஓர் ஏரி நீரை வயல்களுக்கு முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல, உட்கரு ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் சில மில்லி நொடிகள் எண்ணியைத் தருகின்றது. ஒரு நொடியில் கால் நொடியே எண்ண வாய்த்து 3 இலட்சம் நிகழ்ச்சிகள் பதிவாயின எனக் கொள்வோம். விடை 12 இலட்சம் எனப்படும். இது எண்ணியதன்று, மதிப்பீடே. எண்ணாதிருந்த முக்கால் நொடியில் நிகழ்ச்சிகள் திரண்டு வந்திருந்தால் விடை பெரிதும் பிழைபடும். ஆதலால் ‘பெர்ஃப்’ என்னும் கருவி, தொகைக்கு அருகிலேயே 25 விழுக்காடு என்று அச்சிட்டு விடுகின்றது.