மூக்கைத் தொடும் கை

"மூக்கும் முழியுமாக இருக்கிறாள்" என்று பெண்ணைப் புகழ்வது நம் வீடுகளில் பழைய வழக்கு. அந்த மூக்குச் சற்று வளைந்தோ பருத்தோ அமைந்துவிட்டால், பெண் பார்க்க வந்தவர் சொல்லிப் போகும் ஒரு சொல் வீடு முழுவதையும் கலக்கிவிடுகிறது. மறுநாளே விளம்பரத்தைப் பார்த்து ரண சிகிச்சைக்கு ஓடுவோரும் உண்டு. அவர்களை நாம் குறை கூறவில்லை. ஓடுமுன், கத்தி பிடிக்கும் கை யாருடையது என்று விசாரிக்கவே வேண்டுகிறோம்.

இக்கலை நமக்குப் புதிதன்று. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் புதுப்பிக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. மாணாக்கன் முதலில் பூசணி, சுரை, வெள்ளரிக் காய்களை அறுத்துப் பழகவேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது.

1792-ல் முடிந்த மைசூர் யுத்தத்தில், ஆங்கிலேயர் படையின் மாட்டுவண்டிக்காரரான கவாஸ்ஜி திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பின்னர் மராட்டிய வைத்தியர் ஒருவர் அவருக்கு மூக்கு அமைத்தார். மெழுகுத் தகட்டை மூக்கின் இடத்தில் பொருத்தி அளவெடுத்தார். அதை விரித்து நெற்றியில் வைத்து வரைந்தார். அந்தத் தோலையே கீழே திருப்பி மூக்காக்கினார். இச்செய்தி 1794-ல் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் படித்த கார்ப்பியூ என்னும் ஆங்கில வைத்தியர், பிரேதங்களின்மேல் பழகிய பிறகே 1814-ல் உயிருள்ள ஒருவருக்கு இச்சிகிச்சையைச் செய்தார். பழக்கமும் அளவும் முன்னே, முகம் பின்னே என்பதே இவர்கள் காட்டிய நெறி.

இன்று அந்தப் பழக்கத்தை எவ்வாறு அறிவது? எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு எம்.எஸ். படித்து, அதன்மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் மூன்றாண்டு எம்.சிஎச். பெற்றவர் இதற்குரியவர். காது மூக்குத் தொண்டைத் துறையில் எம்.எஸ். பெற்று, மூக்கைத் திருத்துவதில் தனிப் பயிற்சி உடையவரும் தக்கவரே. சில நாள் வகுப்பின் சான்றிதழ் இவற்றுக்கு ஈடாகாது. மாநில மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண் உண்டா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச வேண்டுவதில்லை.

இத்தகைய சிகிச்சை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? ஓராண்டு கழிந்த பின் அவர்கள் முகம் எப்படி இருக்கிறது? வீக்கம் முற்றிலும் வடிய ஏறக்குறைய ஓராண்டு ஆகுமாதலால், முதல் மாதத்துப் புகைப்படம் போதாது. மயக்க மருந்து கொடுக்கத் தனி நிபுணர் இருப்பாரா? ஆபத்து நேர்ந்தால் காக்கும் வசதி அந்த ஆஸ்பத்திரியில் உண்டா? இவற்றையும் கேளுங்கள்.

மூக்கு முகத்தின் அணி மட்டுமன்று, மூச்சின் வாயில். உள்ளே இருக்கும் நடுத்தண்டைக் கவனியாது வெளியழகை மட்டும் செதுக்கினால், ஆயுள் முழுவதும் மூச்சுத் திணற நேரலாம். முதற் சிகிச்சை கெட்டால் தழும்பேறிய மூக்கை மறுபடி திருத்துவது இன்னும் கடினம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அடையாளம் உண்டு. "அம்மா, உங்கள் பெண்ணுக்கு இது வேண்டாம்" என்று சொல்லத் துணியும் டாக்டரைக் கண்டால், அவரை நம்பலாம். வேண்டும் என்று அவர் சொல்லும் நாளில் அச்சமின்றி முகத்தைக் கொடுக்கலாம்.