படுக்கைப் புண்ணைக் காய வைக்காதீர்கள்!

வீட்டில் பெரியவர்கள் படுத்த படுக்கையாக இருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது.

என் மாமியாருக்கு 78 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், எழுந்து நடக்கப் பயந்து கட்டிலே கதி என்று இருந்துவிட்டார். மூன்றாவது வாரம் உடம்பு துடைத்து விடும்போதுதான் கவனித்தேன். முதுகு முடிகிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் கன்றிக் கறுத்திருந்தது. "சூடுதான் கண்ணு, பவுடர் போடு, சரியாப் போயிரும்" என்றார். போட்டேன். ஐந்தே நாளில் தோல் உரிந்து குழியாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். டெட்டால் விட்டுக் கழுவினேன். மஞ்சள் தூள் தூவினேன். காற்றுப் படட்டும் என்று புண்ணைத் திறந்து போட்டு ஃபேனைச் சுழல விட்டேன். காய்ந்தால் ஆறிவிடும் என்றுதானே நாமெல்லாம் நினைக்கிறோம்? மேலே பொருக்குக் கட்டியது, அடியில் புண் வளர்ந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "சரியாப் பார்த்துக்கலை போல இருக்கு" என்று கூடத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று இரவு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் டாக்டரை வரவழைத்தோம். செத்துப்போன சதையை அவர் அகற்றினார். பிறகு கட்டுப் போட ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

ஏன் வருகிறது?

"ஹோஸ் குழாயை மிதிச்சா தண்ணி நின்னுடுதில்லையா? அதுதாம்மா இது" என்றார் நர்ஸம்மா. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. ரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சதை செத்துப் போகிறது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்னந்தலை ஆகிய இடங்களில்தான் அதிகம் வரும். நோயாளியைத் தரதரவென்று மேலே இழுத்தாலும், மூத்திர ஈரத்தில் தோல் ஊறினாலும் சீக்கிரம் வரும்.

ஈரம் எதற்கு?

"புண்ணும் நாத்தங்கால் மாதிரிதான். காய விட்டா நாத்து வருமா? தண்ணி தேங்கினா அழுகிடும். பதமா இருக்கணும்" என்று அவர் சொன்னது என் மண்டையில் பளிச்சென்று உறைத்தது. 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளிடம் சோதித்து, காற்றில் காய விட்ட புண்ணைவிட, பாலிதீன் தாளால் மூடிய புண்ணில் புதுத் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக வளர்வதைக் கண்டாராம். இன்றைய நவீன கட்டுகளுக்கு அதுதான் அடிப்படை.

எங்கள் அத்தையின் புண்ணில் முதலில் நீர் நிறைய வடிந்தது. அதனால், கடற்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட் கட்டைக் குழியில் லேசாக வைத்தார். அது நீரை உறிஞ்சிக் களி போல ஆகிவிடும். அதன் மேல் ஸ்பான்ஜ் மாதிரியான ஃபோம் கட்டு. நீர் குறைந்து, குழியும் மேடேறிய பிறகு ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டும் தாள். அதைப் பிரித்ததும் மஞ்சளாக, ஒரு வாடையோடு ஏதோ இருக்க, சீழ் என்று பதறிவிட்டேன். அந்தத் தாளே கரைந்து அப்படி ஆகுமாம். சலைன் விட்டுக் கழுவிய பின்னும் நாற்றம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தாளின் விலையைக் கேட்டு மலைத்தேன். ஆனால் தினமும் பிரிக்க வேண்டியதில்லை. கசியாமல் இருந்தால் சில நாட்கள் அப்படியே விடலாம். புதுச் சதை பிய்ந்து வராது, வலியும் குறைவு. வாங்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். இன்ன கட்டுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. சலைனில் நனைத்த காஸ் துணியைக் காய விடாமல் மாற்றும் முறையை நர்ஸிடம் கற்றுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் சேவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பாரத்தை எடுங்கள்!

"எத்தனை ஒசந்த கட்டுப் போட்டாலும், அதே இடத்துல படுத்திருந்தா ஆறாது" என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொன்னார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு மணிக்கு ஒரு தரம் என்று நேரம் போட்டு ஒட்டினோம். இரவு பத்தும் பன்னிரண்டும் என் கணவர். இரண்டும் நாலும் நான். ஆறு மணி என் மகன்.

நினைவில் வையுங்கள்:

* தினமும் ஒரு முறை உடம்பு முழுதும் பாருங்கள். கன்றிய இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளுக்காமல் அப்படியே இருந்தால், அதுவே ஆரம்பம். கறுத்த மேனியில் சிவப்புத் தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, கருநீலம் இவற்றைக் கவனியுங்கள்.
* கன்றிய இடத்தைத் தேய்த்து விடாதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம்.
* முழுதாக ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாகப் படுக்க வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது.
* முட்டை, பால், பருப்பு, மீன் என்று புரதம் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.
* காய்ச்சல், சீழ், துர்நாற்றம், சுற்றிலும் சூடு, திடீரென்று புத்தி தடுமாற்றம் - இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

புண் மூட நாலு மாதம் ஆயிற்று. இப்போது அத்தை வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை வருகிறார். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க எரியறது முன்னமே தெரியும் கண்ணு. அந்த எடத்தை உங்கிட்டக் காட்ட வெக்கமா இருந்துச்சு" என்றார்.

அவர்கள் சொல்ல மாட்டார்கள், சகோதரிகளே. நாம்தான் பார்க்க வேண்டும்.