திரையில் தெரியும் லாபம் யாருடையது?

திருவையாற்றுப் பக்கம் நெல் போடுகிறவருக்கு விலை முன்கூட்டியே தெரியும். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். ஈரப்பதம் கூடினால் தொல்லை, சாக்கும் லாரியும் வராவிட்டால் தொல்லை. ஆனால் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை என்பது அங்கே கிடையாது. அதே வீட்டுப் பிள்ளையின் போனில் பங்குகளுக்கு நிமிடத்துக்கு ஒரு விலை ஓடுகிறது. பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் அந்தக் கட்டைகளை 'கேண்டில்' என்கிறார்கள்.

இந்தக் கேண்டில் முறையின் வேர் அரிசி வியாபாரத்தில் இருக்கிறது. ஜப்பானின் ஒசாகா நகரில் இருந்த தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. அந்தக் காலத்து அரிசி வணிகர் ஹோம்மா முனேஹிசாவின் பெயரோடு சேர்த்துத்தான் இந்த முறையை இன்றும் சொல்கிறார்கள். தொடக்க விலை, முடிவு விலை, அன்றைய உச்சம், அன்றைய அடிமட்டம் ஆகிய நான்கும் ஒரே கட்டையில் அடக்கம். நடந்து முடிந்ததை அது சுருக்கமாகக் காட்டிவிடுகிறது. நாளை நடக்கப்போவது அதில் எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதைச் சோதித்துப் பார்க்க விளையாட்டுகள் வந்திருக்கின்றன. நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு, அறுபது நாள் கேண்டிலை மட்டும் காட்டுவார்கள். அடுத்த பத்து நாளில் ஏறுமா, இறங்குமா? பொத்தானை அழுத்தினால் மறைத்து வைத்த பகுதி விரியும். சரியாகச் சொன்னால் மதிப்பெண். சில விளையாட்டுகள் பத்து லட்சம் ரூபாய் கற்பனைப் பணம் தந்து வாங்கி விற்கச் சொல்லும். கைக்காசு போகாமல் ஆர்டர் போடவும் ஸ்டாப் லாஸ் (நஷ்டத்துக்கு எல்லை) வைக்கவும் பழக இது நல்ல வழிதான். பரிசோ நுழைவுக் கட்டணமோ இல்லாமல், பழைய விலையை வைத்துப் படிப்புக்காக ஆடுவதில் எனக்கு மறுப்பில்லை.

மதிப்பெண்ணை நம்புவதில்தான் ஆபத்து. பத்துக் கேள்வியில் ஏழு சரி என்றால் பையன் தேறிவிட்டான் என்று நண்பர்கள் தட்டிக்கொடுப்பார்கள். கணக்கைப் பாருங்கள்: படத்தைப் பார்க்காமல் நாணயத்தைச் சுண்டிப் பதில் சொன்னாலும், நூறு பேரில் சுமார் 17 பேருக்கு ஏழோ அதற்கு மேலோ கிடைத்துவிடும். சந்தை பொதுவாக ஏறிய காலத்தின் படங்களாக இருந்தால், எல்லாவற்றுக்கும் 'ஏறும்' என்று அழுத்தியவரும் பாஸ். ஆகவே திறமையைச் சோதிக்க நினைப்பவர் குறைந்தது நூறு படமாவது பார்க்க வேண்டும். ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதைப் பதில் தெரியும் முன்பே நோட்டில் எழுத வேண்டும். கண்ணை மூடி 'ஏறும்' என்றிருந்தால் என்ன மதிப்பெண் வந்திருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். நூறுக்கு அறுபதை வெறும் அதிர்ஷ்டத்தால் எட்டுகிறவர்கள் நூறில் மூன்று பேருக்கும் குறைவு. அந்த எல்லையைத் தாண்டாத யாரும் தனக்குச் சார்ட் படிக்க வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

தாண்டினாலும் விளையாட்டு வேறு, சந்தை வேறு. விளையாட்டில் கேட்ட விலைக்கே கேட்ட அளவு கிடைக்கும். சந்தையில் எதிரே ஒருவர் விற்க முன்வர வேண்டும். பங்கை டெலிவரி எடுத்து விற்றால் பரிவர்த்தனை வரி மட்டும் வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். தரகுக் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி தனி. ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்தில் 20 சதவீதம் வருமான வரி. எல்லாவற்றுக்கும் மேலாக, கற்பனைப் பணம் போனால் தூக்கம் போவதில்லை. குறுவைச் செலவுக்கு வைத்திருந்த நாற்பதாயிரம் கண் முன்னால் இருபத்தெட்டாயிரம் ஆகும்போது, நோட்டில் எழுதிய விதி எதுவும் கைக்கு வராது.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர, விருப்ப ஒப்பந்த வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். இவர்களிலும் கேண்டில் பார்க்கக் கற்றவர்கள் இருந்திருப்பார்கள். கற்பிப்பவர்கள் நிலை என்ன? யூடியூபில் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் வகுப்பு நடத்திவந்தவர் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டு, வகுப்புக் கட்டணமாக வந்த சுமார் 17.2 கோடியை முடக்கியது. லாபக் கதை சொன்ன அவரே இரண்டரை ஆண்டில் வர்த்தகத்தில் சுமார் 2.89 கோடி இழந்திருந்தார் என்கிறது அந்த உத்தரவு.

சட்டம் என்ன சொல்கிறது? உடனுக்குடன் வரும் விலைத் தகவலை விளையாட்டுச் செயலிகளுக்குத் தரக் கூடாது என்று 2024 மே மாதமே சந்தைகளுக்குச் செபி உத்தரவிட்டது. பட்டியலிட்ட நிறுவனங்களின் விலையை வைத்து நடக்கும் மெய்நிகர் வர்த்தகமும் ஃபேன்டசி போட்டிகளும் 1956ஆம் ஆண்டுப் பத்திர ஒப்பந்தச் சட்டத்துக்கும் 1992ஆம் ஆண்டுச் செபி சட்டத்துக்கும் முரணானவை என்று அதே ஆண்டு நவம்பர் 4 அன்று எச்சரித்தது. இதில் நமக்குக் கவலை தர வேண்டியது ஒன்று: அங்கே பணம் கட்டி ஏமாந்தவருக்குச் செபியின் பாதுகாப்போ, சந்தையின் குறைதீர்ப்பு முறையோ கிடைக்காது.

படிப்புக்கான விளையாட்டு, பணம் கட்டும் போட்டி இரண்டையும் தாண்டிய மூன்றாவது வகைதான் குடும்பத்தையே கவிழ்ப்பது. விளையாட்டு என்று சொல்லாமலே நடக்கும் விளையாட்டு அது. வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுவில் இலவச வகுப்பு நடக்கும். பிறகு ஒரு லிங்க். அதில் இறக்கிய செயலியில் கேண்டில், பங்கு விலை, உங்கள் பெயர், லாபக் கணக்கு எல்லாம் அசலைப் போலவே இருக்கும். ஐம்பதாயிரம் போட்டவருக்கு இரண்டு வாரத்தில் திரையில் மூன்று லட்சம். எடுக்கப் போனால் 'வரி கட்டினால்தான் விடுவிப்போம்' என்பார்கள். பங்கு எதுவும் வாங்கப்படவே இல்லை. எண்களைத் தட்டச்சு செய்து காட்டுகிறார்கள். இங்கு வசிப்பவர் தன் பங்கு லாபத்துக்கான வரியை வருமான வரித் துறைக்குத்தான் கட்டுகிறார். பணம் எடுக்க ஒரு செயலியிடம் வரி கட்டும் முறை எதுவும் இல்லை.

உண்மையான தரகரிடம் உங்களுக்கு உரிமைகள் உண்டு. வாங்கிய 24 மணி நேரத்துக்குள் ஒப்பந்தக் குறிப்பு வர வேண்டும். அடுத்த வேலைநாளில் பங்கு டீமேட் கணக்கில் ஏற வேண்டும். பங்குகளை மின்னணு வடிவில் காக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் தளத்திலேயே அதை நேராகப் பார்க்கலாம். அங்கே இல்லையென்றால் செயலியில் என்ன காட்டினாலும் பங்கு உங்களிடம் இல்லை. தரகரின் பதிவு எண் ஐஎன்இசட் என்றும், பங்கு ஆய்வாளருடையது ஐஎன்எச் என்றும், முதலீட்டு ஆலோசகருடையது ஐஎன்ஏ என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் சரிபாருங்கள். 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற இடைத்தரகர்களின் யுபிஐ முகவரியில் 'வேலிட்' என்ற சொல் இருக்கும். 'செபி செக்' வசதியில் வங்கிக் கணக்கையும் பார்க்கலாம். யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. 'உன் கணக்கில் பணம் வரும், மாற்றி அனுப்பினால் கமிஷன்' என்று கேட்பவரிடம் பாஸ்புக்கையோ சிம்மையோ கொடுத்துவிடாதீர்கள். மோசடிப் பணம் புழங்கிய கணக்கு முடக்கப்படும், வழக்கும் வரும். நெல் பணம் வரும் குடும்பக் கணக்கு அதுவாக இருந்தால் வீட்டின் கையே கட்டப்பட்டுவிடும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு. வங்கிக்கும் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். செயலியை அழிக்க வேண்டாம். பரிவர்த்தனையின் யுடிஆர் எண், உரையாடல், பணம் போன கணக்கு எண் எல்லாம் சான்றுகள். பதிவு பெற்ற தரகர் மீதான குறை என்றால் முதலில் அவரிடமே எழுத்தில் கொடுத்து, பிறகு செபியின் ஸ்கோர்ஸ் தளத்துக்குப் போங்கள். 21 நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும். தீரவில்லையென்றால் ஸ்மார்ட் ஓடிஆர் வழியாகச் சமரசமும் நடுவர் தீர்ப்பும் உண்டு. வகுப்புக் கட்டணத்தில் ஏமாந்தவர் 1915 எண்ணுக்குப் பேசலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை.

புகார் கொடுத்த பிறகு இன்னொரு அழைப்பு வரக்கூடும்: 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்.' போலீஸ் என்றும் செபி என்றும் சொல்லிக்கொள்வார்கள். 1930இல் புகார் பதியவோ பணத்தைத் தடுக்கவோ யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை.